கோல்ட் கோஸ்ட்டில் ஆங்கிலம் படிக்க வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரத்து ஆங்கிலப் பள்ளிகளில் பெரும்பாலும் திங்கட்கிழமைதான் புதியவர்கள் சேரும் நாள். பிரேசில், கொலம்பியா, ஜப்பான், தைவான் என்று பல நாடுகளிலிருந்தும், இடையிடையே தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிறார்கள். காலையில் நிலை அறியும் தேர்வு, மதியம் அறிமுகக் கூட்டம், மாலைக்குள் கடற்கரை. அவர்கள் கையில் வைத்திருக்கும் தாள்களைப் புரட்டினாலே அடுத்த ஓராண்டில் யார் எங்கே சிக்கிக்கொள்வார் என்று ஓரளவு சொல்லிவிட முடிகிறது. அவற்றுள் சில சிக்கல்கள் இந்த ஊருக்கு மாணவராக வந்து, பின்னர் இங்கேயே கற்பிக்கத் தொடங்கிய எனக்கும் பழகியவைதான். கடவுச்சீட்டை நகலெடுத்து வையுங்கள், தாய்மொழிக்காரரோடு மட்டும் சுற்றாதீர்கள் என்பன போன்ற அறிவுரைகளை எல்லோரும் சொல்லிவிட்டார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வருகையாளர் விசாவில் வந்து மாணவர் விசாவுக்கு மாறலாம் என்று நம்புவது

வருகையாளர் விசாவில் மூன்று மாதம் வரை படிக்க அனுமதி உண்டு. பத்துப் பன்னிரண்டு வாரப் பயிற்சி போதும், வேலைக்குப் போகும் எண்ணம் இல்லை என்பவர்களுக்கு அது நியாயமான வழியே. முன்பெல்லாம் அப்படி வந்தவர்கள் ஊர் பிடித்துப்போனால் இங்கிருந்தபடியே மாணவர் விசாவுக்கு விண்ணப்பித்தார்கள். அந்த வழி 2024 ஜூலை 1 முதல் அடைபட்டுவிட்டது. இப்போது நாட்டை விட்டு வெளியேறித்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதே நாளில் 710 ஆஸ்திரேலிய டாலராக இருந்த மாணவர் விசாக் கட்டணம் 1,600 ஆனது, 2025 ஜூலையில் 2,000 ஆனது. விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பி வராது. இது தெரிந்தும் பழைய கதையையே சொல்லி அனுப்பிவைக்கும் கல்வி முகவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஊரிலிருந்தே நீண்ட ‘பேக்கேஜ்’ வாங்குவது

நான் பார்க்கும் தவறுகளில் அதிகப் பணத்தைத் தின்பதும், இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுவதும் இதுதான். முப்பது, நாற்பது வார ஆங்கிலத்தையும் அதன் பின்னால் ஓராண்டு டிப்ளோமாவையும் ஒன்றாகக் கட்டி, ஒரே விசாவில், ஒரே பள்ளிக் குழுமத்தில் சேர்த்துவிடுகிறார்கள். விசாக் கட்டணம் இவ்வளவு உயர்ந்துவிட்ட நிலையில் அதை இருமுறை கட்டுவானேன் என்பது முகவரின் வாதம். அந்த வாதத்தில் பாதி உண்மை இருப்பதால்தான் அது இவ்வளவு எளிதாக எடுபடுகிறது. முகவர் உங்களிடம் கூலி கேட்காததற்குக் காரணம் அவருடைய தாராள மனம் அன்று. பள்ளி அவருக்குத் தரகு கொடுக்கிறது, நீங்கள் கட்டும் கட்டணம் கூடக் கூடத் தரகும் கூடுகிறது.

வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆஸ்திரேலியத் தேசிய நெறிமுறையின்படி, முதன்மைப் படிப்பில் ஆறு மாதம் முடியும் முன் ஒரு மாணவர் வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டுமானால் முதல் நிறுவனம் அவரை விடுவிக்க ஒப்புக்கொள்ள வேண்டும். பல படிப்புகளை ஒரே விசாவில் கோத்திருந்தால் பொதுவாகக் கடைசிப் படிப்பே முதன்மைப் படிப்பு. ஆகவே ஆங்கிலத்தில் நீங்கள் கழிக்கும் மாதங்கள் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. டிப்ளோமாவின் முதல் நாளில்தான் அந்த ஆறு மாதம் தொடங்குகிறது. கையெழுத்திடும் முன் இதை அறிந்திருந்த மாணவரை நான் அரிதாகவே சந்தித்திருக்கிறேன்.

தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த ஒரு மாணவியின் கதை இது. முதியோர் பராமரிப்புப் பயிற்சியில் சேர்வதே அவருடைய நோக்கம். முகவரோ 36 வார ஆங்கிலத்தோடு ‘தலைமைத்துவமும் மேலாண்மையும்’ என்ற டிப்ளோமாவைக் கட்டிக் கொடுத்திருந்தார். அதில் இடம் உடனே கிடைக்கும், பிறகு மாறிக்கொள்ளலாம் என்பது அவர் சொன்ன காரணம். மாணவி கெட்டிக்காரர், இருபதாவது வாரத்திலேயே தமக்குத் தேவையான நிலையை எட்டிவிட்டார். மீதிப் பதினாறு வாரக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டபோது, மாணவர் தாமாக விலகினால் பணம் கிடையாது என்று ஒப்பந்தத்தில் அவரே கையெழுத்திட்ட வரியைக் காட்டினார்கள். வேறு நிறுவனத்துக்குப் போக விடுவிப்பு கேட்டபோது, முதன்மைப் படிப்பு இன்னும் தொடங்கவே இல்லை என்ற பதில் வந்தது. அவருக்குச் சற்றும் பயன்படாத ஒரு படிப்புக்குப் பணம் கட்டி, ஆறு மாதம் உட்கார்ந்து எழுந்த பிறகே அவரால் மாற முடிந்தது. விடுவிப்பு மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீடு செய்யலாம், அதன்பின் காமன்வெல்த் ஆம்புட்ஸ்மன் என்னும் அரசுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம் என்பதையும் அவரிடம் யாரும் உரிய நேரத்தில் சொல்லவில்லை.

ஆகவே முதன்மைப் படிப்பு என்று எழுதப்படும் இடத்தில் நீங்கள் உண்மையிலேயே படிக்க விரும்பும் படிப்பு இருக்க வேண்டும்; இடம் உடனே கிடைக்கிறது என்பதற்காக வேறொன்றை அங்கே நிரப்ப விடாதீர்கள். ஆங்கில வாரங்களைக் குறைவாகவே வாங்குங்கள். ஒரு நிலையைக் கடக்கப் பொதுவாகப் பத்து முதல் பன்னிரண்டு வாரம் ஆகிறது. நடுத்தர நிலையில் பலர் தேங்குவதும் சிலர் தாவிச் செல்வதும் உண்டு என்பதால் நாற்பது வாரம் தேவைப்படுமா என்பதை ஊரில் அமர்ந்தபடி எவராலும் சொல்ல முடியாது. வாரங்களைக் கூட்டிக்கொள்வதற்குப் புதிய சேர்க்கையும் சிலருக்குப் புதிய விசாவும் தேவைப்படலாம் என்பது உண்மைதான். ஆனால் வாங்கிய வாரங்களைத் திருப்பிக் கொடுப்பது அதைவிடக் கடினம். 25 வாரத்துக்கு மேற்பட்ட படிப்பென்றால் தொடங்கும் முன்பே பாதிக்கு மேல் கட்டணம் கட்டும்படி நிறுவனம் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. நீங்களாக விரும்பினால் மட்டுமே முழுவதையும் கட்டலாம். தள்ளுபடி என்ற பெயரில் அந்த விருப்பத்தைத்தான் உங்களிடமிருந்து வாங்குகிறார்கள். கிரிகோஸ் என்னும் அரசுப் பதிவேட்டில் ஒவ்வொரு படிப்பின் கால அளவும் மதிப்பிட்ட கட்டணமும் எவரும் பார்க்கும்படி உள்ளன. முகவர் தந்த தாளை அதனோடு ஒப்பிட அரை மணி நேரம் போதும்.

48 மணி நேரத்தைத் தவறாக எண்ணுவது

2023 ஜூலை முதல், வகுப்பு நடக்கும் காலத்தில் மாணவர் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம். எந்தத் திங்கட்கிழமையிலிருந்து எண்ணினாலும் அடுத்த பதினான்கு நாளில் அந்த அளவு மீறப்படக் கூடாது. முதல் வாரம் 15, இரண்டாம் வாரம் 33, மூன்றாம் வாரம் 20 என்று உழைத்தவர் முதல் இரண்டு வாரத்தைக் கூட்டிப் பார்த்து நிம்மதியடைகிறார். இரண்டாம் மூன்றாம் வாரங்களைக் கூட்டினால் 53 ஆகிறது, விசா நிபந்தனை மீறப்பட்டுவிட்டது. படிப்பு தொடங்கும் முன் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது என்பதும், ஆங்கில வகுப்புக்கு 80 விழுக்காடு வருகைப் பதிவு கட்டாயம் என்பதும் இதோடு சேர்ந்தவை. இரவு உணவகத்தில் பாத்திரம் துலக்கிவிட்டுக் காலை வகுப்பில் தூங்குபவரின் ஆங்கிலம் வளர்வதில்லை, அந்த உணவகத்தின் அடுக்களையில் எல்லோரும் அவருடைய மொழியே பேசினால் இன்னும் மோசம்.

கடற்கரைக்கு எதிரிலேயே அறை எடுப்பது

சர்ஃபர்ஸ் பாரடைஸில் கடல் தெரியும் அறைக்கு ஆகும் வாடகையை வைத்து ஹெலன்ஸ்வேல் பக்கம் சற்று விசாலமாகவே வாழலாம். ஹெலன்ஸ்வேலிலிருந்து சவுத்போர்ட், சர்ஃபர்ஸ் பாரடைஸ் வழியாக பிராட்பீச்சுக்கு டிராம் ஓடுகிறது. 2024 ஆகஸ்ட் முதல், இந்த நகரம் அமைந்துள்ள குயின்ஸ்லாந்து மாநிலத்தின் பொதுப் போக்குவரத்தில் ஒரு பயணத்துக்கு 50 சென்ட்தான். பிணைத்தொகையாகக் கொடுக்கும் வாடகை முன்பணத்தைப் பெற்றவர் பத்து நாளுக்குள் அதைக் குடியிருப்பு வாடகை ஆணையத்தில் செலுத்த வேண்டும் என்பது சட்டம். அறையை உள்வாடகைக்கு விடும் சக மாணவர் ரொக்கமாகக் கேட்டால் அந்த ஆணையத்தின் ரசீதைக் கேளுங்கள்.

நிலை அறியும் தேர்வில் கைப்பேசியைத் துணைக்கு அழைப்பது

வேண்டாம். தகுதிக்கு மீறி ஏறிய வகுப்பில் வாயைத் திறந்த உடனே ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

இந்த வெயில் நமக்குப் பழகியதுதான் என்பது

கோடையில் புற ஊதாக் குறியீடு இங்கே 11ஐத் தாண்டும்; 3 ஆனாலே பாதுகாப்பு தேவை. கடலில் உயிர்காப்பாளர்கள் நட்டிருக்கும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள்.

எல்லை தாண்டிக் குடியிருப்பது

நகரத்தின் தென்கோடியான கூலங்கட்டாவை அடுத்து, தெருவைக் கடந்தால் வரும் ட்வீட் ஹெட்ஸ் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தது. அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். குயின்ஸ்லாந்து அந்த முறையைப் பின்பற்றுவதில்லை. எல்லையருகே கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த மாநிலத்து நேரத்தையே காட்டும் என்பதால், அங்கே வீடு பார்ப்பவர்கள் கைப்பேசியின் நேரத்தைக் குயின்ஸ்லாந்துக்கென்று கையால் நிறுத்தி வைத்துக்கொள்ள வேண்டும்.