பனி கூடவில்லை, எழுத்து உதிர்ந்தது: பழைய ஆங்கில ஏடுகளில் வானிலை தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

16, 17-ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் மழை, காற்று, பனி பற்றித் தேட வருகிறவர்கள் எல்லோரும் ஒரே குழியில்தான் விழுகிறார்கள். 'ரெயின்' என்ற சொல்லின் கடைசியில் ஓர் 'இ' ஒட்டிக்கொண்டிருக்கும், 'ஐ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒய்' நிற்கும். இவை சீக்கிரமே கண்ணுக்குப் பழகிவிடும். புள்ளியில்லாத ஓலைச்சுவடியைப் படித்துப் பழகியவர்களுக்கு இன்னும் சீக்கிரம். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நீள 'எஸ்'

சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் 'எஸ்' அக்கால அச்சில் நீண்டு, 'எஃப்' போலவே நிற்கும். 'மிஸ்ட்' என்பது 'மிஃப்ட்' ஆகத் தெரியும். குறுக்குக் கோட்டைப் பாருங்கள்: 'எஃப்' எழுத்தில் அது தண்டை வெட்டிக்கொண்டு வலப்பக்கமும் போகும். நீள 'எஸ்'ஸில் இடப்பக்கம் ஒரு சிறு நீட்டல்தான் இருக்கும், சில அச்சில் அதுவும் இராது. மனிதர் இதைப் பிடித்துவிடுவார், பக்கத்தை எழுத்தாக மாற்றித் தரும் கணினி அடிக்கடி கோட்டைவிடும்.

'யீ' என்று படிப்பது

'ஒய்' எழுத்தின் தலைமேல் ஒரு குட்டி 'இ' நிற்கும் சொல்லைத்தான் இப்படிப் படிக்கிறார்கள். அது 'தி'. அவ்வளவுதான்.

ஒரே எழுத்துக்கூட்டலைத் தேடி வரைபடம் போடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். ஓர் ஆய்வு மாணவர் அழகான வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்தார். அச்சு நூல்களில் 'ஸ்னோ' என்ற சொல் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேலே மேலே ஏறுகிறது. அது ஐரோப்பா குளிரில் நடுங்கிய காலம், 1683-84 குளிர்காலத்தில் தேம்ஸ் ஆறே உறைந்து அதன்மேல் கடை போட்டார்கள். ஆக, வரைபடம் வரலாற்றோடு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பொருந்தியதால் யாரும் சந்தேகப்படவில்லை. அத்தியாயத்தையே அதன்மேல் கட்டிவிட்டார்.

அவர் தேடியது இன்றைய எழுத்துக்கூட்டலை மட்டும். 16-ஆம் நூற்றாண்டு அச்சில் அந்தச் சொல் பெரும்பாலும் ஈற்றில் 'இ'யோடு வரும். நூறாண்டு போவதற்குள் அந்த 'இ' மெல்ல மெல்ல உதிர்ந்துபோனது. அவர் கண்டது பனி கூடியதை அல்ல, 'இ' உதிர்ந்ததை.

இதோடு முடியவில்லை. அச்சுக்கூடத்தில் 'டபிள்யூ' எழுத்து தீர்ந்துபோனால் இரண்டு 'வி'யைப் பக்கத்தில் வைத்து ஒப்பேற்றுவார்கள். காற்றைக் குறிக்கும் 'விண்ட்' இப்படி இரண்டு 'வி'யில் தொடங்கினால் தேடுபொறிக்கு அது வேறு சொல். போதாததற்கு, 1641-இல் ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் ஒழிந்து அச்சுக் கட்டுப்பாடு தளர்ந்ததும் துண்டு நூல்கள் வெள்ளமாக வந்தன. வெறும் எண்ணிக்கையைப் போட்டால் எந்தச் சொல்லும் ஏறத்தான் செய்யும்.

முதலில் அந்தச் சொல்லுக்கு உள்ள எல்லா வடிவங்களையும் கையால் திரட்டுங்கள். பத்தாண்டு பத்தாண்டாக, அந்தக் காலத்து மொத்தச் சொற்களில் இத்தனை என்று விகிதம் பாருங்கள். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் 'வார்ட்' போன்ற மென்பொருள் பழைய வடிவத்தை இன்றைய வடிவமாக மாற்றித் தரும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 'குட்' ('கேன்' என்பதன் இறந்தகாலம்) என்று படிக்கத் தோன்றும் சொல் அக்காலக் கையெழுத்தில் 'கோல்ட்', அதாவது குளிர், ஆகவும் இருக்கும். 'சன்' என்பது சூரியனா மகனா என்பதை வாக்கியம்தான் சொல்லும். 'வெதர்' வானிலையாகவும் இருக்கலாம், காயடித்த கிடாவாகவும் இருக்கலாம். ஆட்டுக்கணக்கை வானிலைப் பட்டியலில் சேர்த்தவர்களும் உண்டு.

குறிப்பெடுக்கும்போதே திருத்துவது

வேண்டாம். பக்கத்தில் உள்ளபடியே எழுதுங்கள்.

ஜனவரி

1752-க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். '1683 ஜனவரி' என்று இருந்தால் பெரும்பாலும் நம் கணக்கில் 1684.

சொல் அதே, பொருள் வேறு

1555-இல் ரிச்சர்ட் ஈடனின் மொழிபெயர்ப்பில் கடும்புயலைக் குறித்த சொல் 'எஃப்'பில் தொடங்குகிறது: 'ஃபுரக்கான்'. 'ஹரிக்கேன்' என்று தேடினால் எப்படிச் சிக்கும்? ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் கூவி அழைக்கும் 'ஹரிக்கானோ' புயல்கூட அல்ல, கடலிலிருந்து எழும் நீர்த்தாரை.

நமக்குப் பக்கத்தில் இருப்பது 'மான்சூன்'. சென்னை ஜார்ஜ் கோட்டையின் கம்பெனி ஏடுகளைப் படிக்கும் நம்மவர்கள் அதைப் பார்த்ததும் மழை என்று குறித்துக்கொள்கிறார்கள். அரபியிலிருந்து போர்த்துக்கீசியம் வழியாக வந்த அந்தச் சொல் கப்பல்காரர்களுக்கு முதலில் காற்றுப் பருவம். எந்தத் திசைக் காற்று, எப்போது பாய் விரிக்கலாம் என்பதே அவர்கள் கவலை. அடுத்த வரியில் நங்கூரமும் காற்றின் திசையும் வந்தால் அந்தப் பதிவை மழைப் பட்டியலில் ஏற்றாதீர்கள். 'ரெயின்ஸ்' என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.