சாந்தமான மிளகாய் ஏன் காரமாகிறது? ஷிஷிதோ வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷிஷிதோ, ஃபுஷிமி, மன்கன்ஜி போன்ற காரமற்ற ஜப்பானிய மிளகாய்களை வீட்டில் வளர்க்கத் தொடங்குபவர்கள், நான் முதல் இரண்டு ஆண்டுகளில் செய்த பிழைகளையே திரும்பச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெயில் வேண்டும், வடிகால் வேண்டும் என்பவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

செடியைத் தாகத்தில் தவிக்க விடுவது

இந்தத் தவறு இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. ஏனெனில் பலர் இதைத் தெரிந்தே, நல்ல உத்தி என்று நம்பிச் செய்கிறார்கள். மிளகாய்ச் செடியை வாடவிட்டு நீர் ஊற்றினால் சுவை கூடும் என்ற அறிவுரை, காரத்துக்காக வளர்க்கும் ரகங்களுக்கு ஓரளவு பொருந்தலாம். ஷிஷிதோவுக்கு அது நேர் எதிரான பலனையே தரும். இந்த ரகத்தில் காரம் உண்டாக்கும் திறன் முற்றிலும் அழிந்துவிடவில்லை, அடங்கித்தான் இருக்கிறது. பத்தில் ஒரு காய் காரமாக இருக்கும் என்று பொதுவாகச் சொல்லப்படுவதும் இதனால்தான். வறட்சியும் கடும் வெப்பமும் சேர்ந்தால் காரக்காய்களின் எண்ணிக்கை கூடிவிடுகிறது.

ஒரு கோடையில் என் தொட்டிச் செடிகளின் காய்கள் நாக்கைச் சுடும் அளவுக்குக் காரமாயின. பக்கத்தில் நின்ற காரமிளகாய்ச் செடிகளின் மகரந்தம் கலந்ததே காரணம் என்று முடிவு செய்து, பூவும் பிஞ்சுமாக நின்ற நான்கு செடிகளை வேரோடு பிடுங்கினேன். அடுத்த மூன்று வாரங்களிலும் ஷிஷிதோவின் காரம் குறையவில்லை. காரம் சுரப்பது காய்க்குள் விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தசையில். அது முழுக்கத் தாய்ச்செடியின் உடல். அயல் மகரந்தம் விதைக்குள் இருக்கும் கருவை மாற்றுமே தவிர, இந்த ஆண்டுக் காயின் காரத்தைத் தீர்மானிப்பதில்லை. இதை அப்போதே அறிந்திருந்தால், தவறு என் நீர் ஊற்றும் முறையில்தான் இருக்கிறது என்பதையும் அப்போதே கண்டுகொண்டிருப்பேன்; அந்த நான்கு செடிகளும் பிழைத்திருக்கும்.

ஆகவே ஒரு செடிக்குப் பத்து லிட்டருக்குக் குறையாத தொட்டியைக் கொடுங்கள். மேல்மண் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு உலர்ந்ததும், அடித்துளை வழியே நீர் வடியும் வரை காலையில் ஊற்றுங்கள். காய்ந்த இலை அல்லது வைக்கோலால் மூடாக்கு இடுங்கள். கடும் வெப்ப நாட்களில் பிற்பகல் நிழல் கிடைக்கச் செய்வதும் உதவும்; வெப்பத்தில் மகரந்தம் கெட்டு, விதை குறைவாகப் பிடித்த காய்களே பெரும்பாலும் காரமாகின்றன என்பதை என் செடிகளிலும் கண்டிருக்கிறேன்.

விதை சேமிப்பது

அருகில் காரமிளகாய் பூத்திருந்தால் வேண்டாம். மகரந்தக் கலப்பின் விளைவு அடுத்த தலைமுறையில்தான் தெரியும்.

பறிக்கத் தயங்குவது

காய் பெரிதாகட்டும் என்று காத்திருப்பவர்கள் விளைச்சலை இழக்கிறார்கள். ஷிஷிதோவைச் சுமார் ஏழு சென்டிமீட்டர் நீளத்தில், தோல் மெல்லியதாகவும் பச்சையாகவும் இருக்கும்போதே பறிக்க வேண்டும். செடியிலேயே சிவக்க விட்டால் காய் இனிக்கும். ஆனால் தோல் தடித்துவிடும், செடியும் புதுப் பூக்கள் விடுவதைக் குறைத்துக்கொள்ளும்.

எல்லா ரகங்களையும் ஒன்றுபோலச் சமைப்பது

கியோட்டோவின் மைசுரு பகுதியில் தோன்றிய மன்கன்ஜி, சதைப்பற்று மிக்க பெரிய காய். சிறிய ஷிஷிதோவுக்குப் போதுமான மூன்று நான்கு நிமிடங்களில் அதன் உட்புறம் வேகாது. ஷிஷிதோவை அதிகச் சூட்டில், தோலில் அங்கங்கே கருமை படரும் வரை மட்டும் வாட்டி எடுக்க வேண்டும். மன்கன்ஜிக்குச் சூட்டைச் சற்றுக் குறைத்து, நேரத்தைக் கூட்ட வேண்டும். குறைந்த சூட்டில் ஷிஷிதோவை நெடுநேரம் வைத்திருந்தால் அது நீர் விட்டுத் துவண்டுபோகும்.

துளையிட மறப்பது

முழுக் காயைச் சூடான எண்ணெயில் இட்டால் உள்ளே அடைபட்ட ஆவி வெடித்து எண்ணெய் தெறிக்கும். ஈரத்தைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு காயிலும் கூரிய குச்சியால் ஒரு துளை இடுங்கள்.

குழந்தைகளின் தட்டில் முழுக் காயாக வைப்பது

எவ்வளவு நன்றாக வளர்த்தாலும் எந்தக் காய் காரம் என்பதை வெளித்தோற்றத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. குழந்தைகளுக்காகச் சமைக்கும்போது காயை நீளவாக்கில் பிளந்து, விதைகளோடு அந்த வெண்ணிறத் தசையையும் நீக்கிவிட்டு, ஒரு சிறு துண்டை நீங்கள் சுவைத்துப் பார்த்த பிறகே வாணலியில் இடுங்கள்.