ஆசியத் தேர்தல் தேதிகளையும் முடிவுகளையும் ஒரே ஷீட்டில் தொகுப்பது எப்படி?

எங்கே எப்போது தேர்தல் நடந்தது, யாருக்கு எத்தனை இடம், அடுத்தது எப்போது என்ற மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் தேர்தல் செய்திகள் சட்டென்று பிடிபடும். எக்ஸெல், லிப்ரே ஆபிஸ் எதிலும் செய்யலாம். என் ஓட்டு கூகுள் ஷீட்ஸுக்குத்தான். முடிவு வர வர போனிலேயே திருத்திவிடலாம்.

படி 1: ஒரு தேர்தலுக்கு ஒரு வரிசை. நாடு, அவை, மொத்த இடம், பெரும்பான்மை என்று தொடங்குங்கள். இந்திய மக்களவைக்கு 543, 272. தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு 234, 118. மலேசிய மக்களவைக்கு 222, 112.

படி 2: தேதிக்கு மூன்று நெடுவரிசை வேண்டும்: வாக்குப்பதிவு தொடக்கம், முடிவு, எண்ணிக்கை. 2024 மக்களவைத் தேர்தல் ஏப்ரல் 19 முதல் ஜூன் 1 வரை ஏழு கட்டமாக நடந்து, ஜூன் 4 அன்று எண்ணினார்கள். சிங்கப்பூரில் 2025 மே 3 இரவே எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

தட்டச்சு செய்யும் முன் ஷீட்டின் தேதி அமைப்பைப் பாருங்கள். அது அமெரிக்க முறையில் இருந்தால், 2024 எண்ணிக்கை நாளான 04/06 ஏப்ரல் 6 ஆகிவிடும். தமிழ்நாடு 2021-ல் வாக்களித்த 06/04 ஜூன் 4 ஆகிவிடும். 2021-04-06 என்று வருடத்தை முன்னால் போட்டால் தொல்லையே இல்லை.

படி 3: இடங்களுக்குக் கட்சிக்கு ஒரு நெடுவரிசை, கூட்டணிக்கு ஒன்று. 2024-ல் பாஜக 240, தேசிய ஜனநாயகக் கூட்டணி 293. 2021-ல் திமுக கூட்டணி 159, அதில் திமுக 133. அந்த 133-க்குள் உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்ற மதிமுகவினரும் உண்டு என்பதைக் குறிப்பில் எழுதிவையுங்கள். இலங்கைக்குத் தேசியப் பட்டியல் (நாடு முழுக்கப் பெற்ற வாக்குக்கு ஏற்பக் கட்சிக்குக் கிடைக்கும் இடங்கள்) தனி: 2024 நவம்பர் 14 தேர்தலில் தேசிய மக்கள் சக்தி பெற்ற 159 என்பது மாவட்டங்களில் வென்ற 141-உம் தேசியப் பட்டியலின் 18-உம் சேர்ந்தது.

படி 4: அடுத்த தேர்தல். இங்கேதான் பொறுமை வேண்டும். போன தேர்தல் தேதியோடு ஐந்து வருடம் கூட்டினால் கணக்கு இடிக்கும். இந்தியாவில் பதவிக்காலம் அவையின் முதல் கூட்டத்திலிருந்து ஓடும். 17-வது மக்களவை கூடியது 2019 ஜூன் 17. ஆயுள் 2024 ஜூன் 16 வரை. அதற்குள் புது அவை தயாராக வேண்டும். 18-வது கூடியது 2024 ஜூன் 24; அப்படியானால் 2029 ஜூன் 23.

மலேசியாவிலும் முதல் கூட்டத்திலிருந்து ஐந்து வருடம்தான். ஆனால் அங்கே முதலில் கலைப்பு, அப்புறம் 60 நாளுக்குள் தேர்தல். இப்போதைய நாடாளுமன்றம் கூடியது 2022 டிசம்பர் 19. முன்கூட்டிக் கலைக்காவிட்டால் தேர்தல் 2028 பிப்ரவரி வரை தள்ளலாம். சிங்கப்பூரில் கலைப்புக்குப் பின் மூன்று மாதம். அதனால் ‘பதவிக்காலம் முடிவு’, ‘தேர்தலுக்குக் கடைசி நாள்’ இரண்டையும் தனித்தனியே வையுங்கள்.

ஜப்பான் மேலவையில் இந்தத் தலைவலி இல்லை. அதைக் கலைக்க முடியாது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை பாதி இடங்களுக்குத் தேர்தல்.

பின்சேர்க்கை: 2022 மலேசியக் கூட்டுத்தொகை 222 வரவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பாடாங் செராய் தொகுதியில் வேட்பாளர் ஒருவர் இறந்ததால் அங்கே மட்டும் நவம்பர் 19-க்குப் பதில் டிசம்பர் 7 அன்று வாக்குப்பதிவு. அதைத் தனி வரிசையாகச் சேருங்கள். இந்தியாவின் சூரத் மக்களவைத் தொகுதி வேறு கதை: 2024-ல் அங்கே போட்டியின்றித் தேர்வு, வாக்குப்பதிவே கிடையாது. தேதிக் கட்டத்தை வெறுமையாக விட்டு, குறிப்பில் ‘போட்டியின்றி’ என்று போட்டால் போதும்.