தேம்ஸில் கயாக் ஏறி பெர்ச் பிடிக்க: ஒரு காலைப் பொழுதுக்கான செய்முறை

இங்கிலாந்தின் தேம்ஸ் ஆற்றில், லண்டனின் தென்மேற்கே உள்ள டெடிங்டனுக்கு மேலே, கடல் ஏற்றஇறக்கம் எட்டாத பகுதியில் பெர்ச் மீன் நன்றாகவே இருக்கிறது. பச்சை உடம்பில் கறுப்புப் பட்டைகள், வயிற்றுப் பக்கம் சிவந்த செட்டைகள், முதுகில் முள் விசிறி. ஒருமுறை பார்த்தால் மறக்காது. கட்டிப்போட்ட படகுகளின் நிழல், பாலத்தூணின் பின்புறம், நீரில் சாய்ந்து கிடக்கும் வில்லோ மரம் என்று கரையிலிருந்து எட்டாத இடங்களில்தான் இது பதுங்கும். அதற்குத்தான் துடுப்பால் ஓட்டும் குறுகிய சிறு படகான கயாக். ஆனால் தூண்டில் வீசத் தெரிவதைவிட, கயாக்கை ஒரே இடத்தில் நிறுத்தத் தெரிவதுதான் இதில் முக்கியம். புதியவர்கள் வெறுங்கையோடு திரும்புவது பெரும்பாலும் இது கைவராததால்தான்.

கிளம்பும் முன்

இங்கிலாந்து ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை பெர்ச்சுக்குத் தூண்டில் போடக்கூடாது. ஜூன் 16-இல் பருவம் திறக்கும். தொடங்க நல்ல மாதங்கள் செப்டம்பரும் அக்டோபரும். பொடிமீன்கள் கூட்டமாகச் சேரும், பெர்ச் அவற்றின் பின்னாலேயே வரும்.

13 வயது நிரம்பிய எல்லோருக்கும் தூண்டில் உரிமம் வேண்டும். 16 வயது வரை அது இலவசம், ஆனாலும் எடுத்து வைத்திருக்க வேண்டும். கயாக்கையும் பதிவு செய்ய வேண்டும். பேடில் யூகே என்ற துடுப்புப் படகோட்டிகள் அமைப்பில் உறுப்பினராக இருந்தால் அதிலேயே அது அடங்கிவிடும். பல இடங்களில் மீன்பிடி உரிமை சங்கங்களிடம் இருப்பதால், நீங்கள் போகும் பகுதிக்குத் தனி அனுமதிச்சீட்டு தேவையா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அன்று காலை லாக் (படகுகளை நீர்மட்டம் மாற்றிக் கடத்தும் மதகு) பக்கம் இருக்கும் எச்சரிக்கைப் பலகையின் நிலையைப் பாருங்கள். மஞ்சளோ சிவப்போ போட்டிருந்தால் கயாக்கை இறக்க வேண்டாம். மழைக்குப் பின் கலங்கி ஓடும் ஆற்றில் ஆபத்தும் அதிகம், மீனும் கடிக்காது. பெர்ச் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன்.

கருவிகள்

மேலே உட்கார்ந்து ஓட்டும் வகைக் கயாக், 3 முதல் 3.5 மீட்டர் நீளம் போதும். மிதவைச் சட்டையை மாட்டி, வார்களை இறுக்கி, அதிலேயே ஒரு விசிலையும் கட்டிக்கொள்ளுங்கள். போன் நீர்புகாப் பையில், உடம்போடு இருக்கட்டும். கயாக் கவிழ்ந்தால் அதில் வைத்த எதுவும் உங்கள் கைக்கு எட்டாது. கவிழ்ந்த கயாக்கில் திரும்ப ஏறும் பழக்கத்தை வெயில் நாளில், ஆழமில்லாத இடத்தில் இரண்டு மூன்று முறை செய்து பார்த்த பிறகே மீன் பிடிக்கப் போங்கள். கயாக்கை நிமிர்த்தி, கால்களை உதைத்து உடம்பை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, குறுக்கே வயிறு படும்படி இழுத்து ஏறி, பிறகு திரும்பி உட்கார வேண்டும். அக்டோபர் தண்ணீரில் கை விறைத்துப்போகும், அங்கே போய்க் கற்றுக்கொள்ள முடியாது.

தூண்டில் கம்பு ஏழடி, 2 முதல் 10 கிராம் எடைக்கானது. நரம்பைச் சுற்றிவைக்க 2000 அளவு ரீல். அதில் 8 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நரம்பு), முனையில் 1.2 மீட்டருக்கு 6 அல்லது 8 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பு. இரண்டையும் டபுள் யூனி முடிச்சால் இணைக்கலாம்.

நம் ஊர் வழக்கத்தில் ஈயக்குண்டைத் தேடாதீர்கள். இங்கே 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையிலான ஈயக்குண்டுக்குத் தடை இருக்கிறது, அன்னப்பறவைகள் விழுங்கிச் செத்ததால் வந்த சட்டம். டங்ஸ்டன் குண்டு, 5, 7, 10 கிராமில் இரண்டிரண்டு வாங்குங்கள்.

டிராப் ஷாட் கட்டுவது

இந்தக் கட்டில் குண்டு அடியில், தூண்டில் முள் அதற்கு மேலே. குண்டு தரையில் உட்கார்ந்திருக்க, இரை மட்டும் மீனின் கண்ணுக்கு நேராக ஆடும்.

6 அல்லது 8 எண் முள்ளை எடுத்து, நரம்பின் முனையில் 60 செ.மீ. வால் மிஞ்சும்படி மடித்து, மடிப்பை முள்ளின் கண்ணில் நுழையுங்கள். மடித்த நரம்பாலேயே தளர்வாக ஒரு சாதா முடிச்சு போட்டு, அந்த வளையத்துக்குள் முள்ளை முழுதாக நுழைத்து, எச்சில் தொட்டு மெல்ல இறுக்குங்கள். எச்சில் தொடாமல் இழுத்தால் உராய்வுச் சூட்டில் நரம்பு பலவீனமாகி, பெரிய மீன் வரும்போது அங்கேதான் அறும். பிறகு முள்முனை இருக்கும் பக்கத்திலிருந்து வால் நரம்பைக் கண்ணில் ஒருமுறை கீழே இறக்குங்கள். முள் முனை மேல்நோக்கி, நரம்புக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்கும். தொங்கினால் மறுபக்கத்திலிருந்து நுழைத்துவிட்டீர்கள், திருத்துங்கள்.

முள்ளுக்கு 30 முதல் 45 செ.மீ. கீழே குண்டின் கவ்வியில் நரம்பைச் செருகுங்கள். அங்கே முடிச்சு வேண்டாம். குண்டு கல்லில் மாட்டினால் இழுக்கும்போது அது மட்டும் கழன்று போகும், முள்ளும் இரையும் மிஞ்சும். இரைக்கு 5 முதல் 7 செ.மீ. ரப்பர் மீனின் மூக்கை மட்டும் குத்துங்கள். நீர் லேசாகக் கலங்கியிருந்தால் உயிர் மண்புழு மேல்.

தண்ணீரில்

விடிந்து வெளிச்சம் வந்ததும் இறங்குங்கள், இருட்டில் விளக்கில்லாமல் போகாதீர்கள். ஆற்றின் வலப்பக்கமாக ஓட்டுங்கள். நீர் விழும் அணைகளின் பக்கமே போகவேண்டாம். பொடிமீன் திடீரெனத் துள்ளிச் சிதறும் இடத்தைக் கண்டால், இருபதடி தள்ளி, நீரோட்டத்துக்கு மேல்புறம் நின்றுகொள்ளுங்கள்.

நிறுத்த 1.5 கிலோ மடக்கு நங்கூரம் போதும், கயிறு ஆழத்தைப் போல மூன்று மடங்காவது. கயிற்றை முன்முனையிலோ பின்முனையிலோ மட்டும் கட்டுங்கள். நடுப்பக்கத்தில் கட்டினால் நீரோட்டம் கயாக்கைக் குறுக்கே திருப்பி நொடியில் கவிழ்த்துவிடும். கயிற்றின் மறுமுனையில் ஒரு மிதவை இருக்கட்டும், சிக்கினால் அவிழ்த்துவிட்டுத் தள்ளிப் போய்விட்டு, பிறகு வந்து எடுக்கலாம். எட்டும் தூரத்தில் கத்தியும் வேண்டும். நீர் இழுக்கிறது என்று தோன்றினால் நங்கூரமே போடாதீர்கள், தூணுக்குப் பின்னால் நீர் சுழன்று அடங்கும் இடத்துக்குள் நுழைந்து நில்லுங்கள்.

குண்டை நேர்க்கீழே இறக்கி, தரை தட்டியதும் நரம்பை இறுக்கி வையுங்கள். கம்பின் நுனியை மட்டும் நடுக்குங்கள், குண்டு நகரக்கூடாது. பத்து நொடி ஆட்டம், ஐந்து நொடி அசையாமல். பெரும்பாலான கடி அந்த அசையாத நேரத்தில்தான் வரும். இந்த முறை சலிப்பாக இருக்கும், ஆனால் அவசரப்பட்டு இழுத்துக்கொண்டே இருப்பவருக்குக் கடி குறைவு. முதலில் டொக் டொக் என்று தட்டும், பிறகு கனக்கும். கனத்ததும் மணிக்கட்டை மெல்ல உயர்த்தினால் போதும். வெடுக்கென இழுத்தால் உதட்டோரச் சவ்வு கிழிந்து மீன் கழன்றுவிடும். ரொம்பத் தாமதித்தால் முள்ளை விழுங்கிவிடும், புழு போட்டால் இன்னும் சீக்கிரம். அதனால்தான் முள்ளின் எதிர்முள்ளை (முனையருகே பின்னோக்கி நிற்கும் சிறு கூரை) இடுக்கியால் நசுக்கிவிடச் சொல்கிறோம். நரம்பு கத்தரித்தாற்போல் அறுந்தால் அது கூர்பல் கொண்ட பைக் மீன். அதே இடத்தில் மறுபடி அறுந்தால் முள்ளுக்கு முன்னால் மெல்லிய கம்பித் துண்டு (லீடர்) போடுங்கள், இல்லையேல் இடம் மாறுங்கள்.

கைக்கு வந்தபின்

கையை நனைத்து, தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவி முதுகு முள்ளைப் படியவைத்துப் பிடியுங்கள். கெளுத்தி முள் மாதிரி விஷம் கிடையாது, ஆனால் ஆழமாகக் குத்தும். செவுள் மூடியின் ஓரமும் கூர்மையானது. அரை நிமிடத்துக்குள் முள்ளைக் கழற்றி, நீருக்குள் நிமிர்த்திப் பிடித்து, தானாக உதறிப் போகும்வரை காத்திருங்கள். சமையலுக்கு எடுத்துப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். 20 செ.மீ.-க்கு மேல் நீளமுள்ள பெர்ச் எல்லாவற்றையும் விட்டாக வேண்டும் என்பது ஆற்று விதி. பெரிய மீன்தான் முட்டையிட்டு ஆற்றை நிரப்பும், மனமார விடுங்கள்.

திரும்பியதும் கயாக், நங்கூரக்கயிறு, காலணி எல்லாவற்றிலும் ஒட்டிய பாசியைத் துடைத்து, கழுவி, முழுதாகக் காயவையுங்கள். மிதக்கும் பென்னிவொர்ட் என்ற அந்நியக் கொடியின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு போனாலே அடுத்த ஆற்றில் வேர்விடும். கயிற்றுச் சுருளின் உட்புறத்தைப் பிரித்துப் பாருங்கள், ஈரம் நிற்பது அங்கேதான்.