ஒரே மாத்திரை, வளரும் பீக்

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன லேபில் இருந்தபோது நடந்தது. ஆஸ்பிரின் மாத்திரையை எச்பிஎல்சியில் (கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) ஓட்டினால், சாலிசிலிக் அமில பீக் (அதன் அளவைக் காட்டும் வரைபட முகடு) காலையில் குட்டியாக இருந்தது. சாயங்காலம் அனுமதித்த வரம்பையே தாண்டியது. மாத்திரை என்னவோ ஒன்றுதான்!

"காலம் கெட்டுப்போச்சு அண்ணாச்சி" என்றேன். சீனியர் சிரித்தார்.

"ஏலே, காலம் நல்லாத்தாம்ல இருக்கு. எதுல கரைச்ச?"

தண்ணீர் கலந்த கரைப்பானில்தான். சித்திரை வெக்கையில், ஏசியும் இல்லாத மூலையில், குப்பிக்குள்ளேயே ஆஸ்பிரின் சாலிசிலிக் அமிலமாக உடைந்துகொண்டிருந்தது. கூடவே அசிட்டிக் அமிலமும் வரும். ஈரம் ஏறிய பழைய மாத்திரை டப்பாவைத் திறந்து முகர்ந்தால் வினிகர் வாடை அடிப்பது அதனால்தான்.

99 பங்கு அசிட்டோநைட்ரைல், 1 பங்கு ஃபார்மிக் அமிலம்: தண்ணீர் சேர்க்காத இந்தக் கலவையில் புதிதாகக் கரைத்தேன். குப்பித் தட்டைக் குளிரவைத்து, மணிக்கொரு தரம் மூன்று முறை கருவிக்குள் செலுத்தினேன். பீக் வளரவில்லை.