மணியின் முடியும் நான் செய்த தப்பும்

சித்திரை வெயில் ஏறினால் எங்கள் லாப்ரடார் நாய் மணிக்கு முடி கொட்டத் தொடங்கிவிடும். திருநகர் வீட்டில் சாம்பார்ச் சட்டியைத் தவிர எல்லாவற்றிலும் முடி. உதிர்முடி எடுக்கவென்றே விற்கும், இரும்புப் பல் வைத்த பிரஷ் ஒன்றை வாங்கிவந்து, தேங்காய் துருவுவது போல அழுத்தி இழுத்தேன். முதுகில் ஓரிடம் சிவந்துவிட்டது. அதன்பின் பிரஷைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் ஓடிவிடுவான்.

தப்பு என்மேல்தான். மேல்முடிக்குக் கீழே இருக்கும் மெத்தென்ற அடிமுடியைப் பிடிக்கத்தான் அந்தப் பற்கள்; தோலைச் சுரண்ட அல்ல. சிவப்பு ஆறும்வரை விட்டுவிட்டேன். அப்புறம் குளிப்பாட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு, முடி போகும் திசையிலேயே பிரஷின் எடை மட்டும் படும்படி சின்னச் சின்னதாக இழுத்தேன். வயிற்றுப் பக்கம் போகவே இல்லை. 10 நிமிடத்தில் ஒரு முறம் நிறைய வெளிர்மஞ்சள் பஞ்சு! வருவது குறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று இழுத்தால் மேல்முடியும் அறுபடும். வாரம் ஒருமுறை போதும்.

பக்கத்து வீட்டு அண்ணன் தன் சிப்பிப்பாறை நாய்க்கு இதே பிரஷைக் கேட்டார். "அதுக்கு ஒட்ட முடிதானண்ணே, ரப்பர் பிரஷே போதும்" என்றேன்.