துக்க வீட்டில் நாம் பேசுகிற பேச்சு

தற்கொலை நடந்த வீட்டு வாசலில், சாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்ததுமே பக்கத்து நாற்காலிக்காரர் குனிந்து கேட்பார்: "எப்படியாம்?" அடுத்து, "என்ன காரணமாம்?" முதல் கேள்விக்குப் பதில் தெரிந்து யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. இரண்டாவதற்கு ஒற்றை வரியில் பதிலே கிடையாது. ஆனாலும் மார்க், கடன், காதல், மாமியார் என்று எதையாவது பிடித்து, பாடை கிளம்புவதற்குள் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். (செய்தித்தாளில் அந்தத் 'தீராத வயிற்றுவலி'தான் எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கிறது!) மனச்சோர்வு, குடி, பணக்கஷ்டம், சொல்லி அழ ஆளில்லாமை எல்லாம் சேர்ந்து நெருக்கியதைக் கடைசியாக நடந்த ஒரு சண்டையின் தலையில் கட்டுகிறோம். அந்தச் சண்டையைப் போட்டவர் உள்ளே அழுதுகொண்டிருப்பார்.

இதைவிட மோசம் "கோழைப்பய" என்ற ஏச்சு. செத்தவர் காதில் அது விழாது. டீ டம்ளர் நீட்டும் பையன் காதில் விழும். அவன் மனதிலும் அதே நினைப்பு ஓடினால், இனி வாயே திறக்கமாட்டான். "நிம்மதியாப் போய்ச் சேர்ந்துட்டான்" என்பதும் அவனுக்கு ஆகாத பேச்சுதான்.

அப்புறம், "சாகிறேன்னு சொல்றவன் சாகமாட்டான்" என்று சிரித்துவிடுவது. சொல்லிவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத நினைப்பு முளைத்துவிடாது. பாரம் கொஞ்சம் இறங்கும். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். 14416, டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

பிழைத்து வந்தவரைப் பற்றி டாக்டரிடம், "தவறுதலா நடந்துடுச்சு" என்று மறைக்கிற வீடுகளும் உண்டு. போலீஸ் கேஸ் பயம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதச் சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றால் ஓராண்டு வரை சிறை என்றிருந்த பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. மறைத்தால் உடம்புக்கு மட்டும் மருந்து கிடைக்கும். மனசுக்குப் பார்க்க யாரும் வரமாட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்த வீட்டுப் பக்கமே போகாமல் இருப்பதும் தவறுதான். கல்யாணப் பத்திரிகை வைக்கக்கூடத் தயங்குவார்கள். எங்கள் தெருவில் மகனை இழந்த ஒரு அம்மா சொன்னார்: "அவன் பேரையே யாரும் சொல்றதில்ல தம்பி." போனால் பேரைச் சொல்லியே பேசுங்கள். அவன் மொட்டைமாடியில் பட்டம் விட்டது, உங்கள் வீட்டில் மூன்றாவது தோசை கேட்டது, எல்லாம்.